ஒரு நேரத்தில் ஒரு பறவை: யமுனையில் கடற்காகம் பார்க்கப் போகும் புதியவர்களுக்கு

"எல்லாம் ஒரே பறவைதானே தம்பி, இதைப் பார்க்க எதுக்கு இவ்வளவு நேரம்?"

கரோல் பாக்கிலிருந்து எங்களோடு வந்திருந்த ஒரு மாமி கேட்டார். வயது எழுபது இருக்கும். ஜனவரிக் காலை, யமுனா காட் படித்துறை. எதிரே ஆயிரம் கடற்காகங்கள், குளிர்காலத்துக்கு வந்த வெள்ளைப் பறவைகள், கத்திக்கொண்டு சுற்றின. அவர் கேட்டதில் தவறே இல்லை, முதல் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு பறவையைக் காட்டி, "இதை மட்டும் ஐந்து நிமிஷம் பாருங்க மாமி" என்றேன். பார்த்தார். பிறகு பக்கத்துப் பறவையைப் பார்த்தார். "இது சாதுவா இருக்கு. அது என்னவோ திருதிருன்னு முழிக்குது" என்றார்.

அன்று அங்கே இருந்த இரண்டு இனங்களையும் அவர் பிரித்துவிட்டார். பெயர் மட்டும்தான் தெரியவில்லை. எப்படிப் பிரித்தார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். தில்லியில் இருக்கும் நம் ஆட்கள் பத்துப் பேர் சேர்ந்து யமுனைக்குப் போய்க் கடற்காகம் பார்த்துவிட்டு வருவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன். பைனாகுலரைக் கையில் பிடித்தே பார்க்காதவர்களை மனதில் வைத்து எழுதுவது இது.

எந்த மாதம், எந்த நாள்

கடற்காகங்கள் அக்டோபர் கடைசியில் வரத் தொடங்கும். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடியும்வரை கூட்டம் கூட்டமாக இருக்கும். மார்ச்சில் மெல்லக் கிளம்பிவிடும். புதியவர்களை அழைத்துப்போக எனக்குப் பிடித்த காலம் நவம்பர் கடைசி வாரமும் பிப்ரவரி முதல் பாதியும். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதிவரை பனிமூட்டம் கனமாக இறங்கும். சில காலை வேளைகளில் படித்துறையில் நின்றால் பத்தடி தள்ளி இருக்கும் படகே தெரியாது, பறவையின் சத்தம் மட்டும் கேட்கும். அதுவும் ஓர் அனுபவம்தான். ஆனால் முதல் முறை வருகிறவருக்கு ஏமாற்றமாகிவிடும்.

செவ்வாயும் சனியும் வேண்டாம். படித்துறைக்குப் போகும் வழியில், யமுனா பஜாரில், மர்கட் வாலே பாபா ஹனுமான் கோயில் இருக்கிறது. அந்த இரண்டு நாளும் ரிங் ரோடு வரைக்கும் கூட்டம் நிற்கும். ஞாயிறு போகலாம், காமிராக்காரர்கள் நிறைய இருப்பார்கள். வேலைநாளில் விடுப்பு எடுக்க முடிந்தால் புதன், வியாழன்தான் அமைதியான நாட்கள்.

முந்தின இரவு காற்றின் தரம் எப்படி என்று பாருங்கள். குறியீடு 400ஐத் தாண்டியிருந்தால் தள்ளிப்போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் சின்னக் குழந்தைகளும் இருந்தால் 300க்கே தள்ளிப்போடலாம். பறவை அடுத்த வாரமும் இருக்கும்.

எத்தனை பேர்

எட்டு முதல் பன்னிரண்டு பேர். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், காரணம் உண்டு. முதல் முறை நான் ஏற்பாடு செய்தபோது வாட்ஸாப்பில் சொன்னதைப் பார்த்து மயூர் விஹாரிலிருந்தும் ஆர்.கே. புரத்திலிருந்தும் ஜனக்புரியிலிருந்தும் முப்பது பேர் வந்துவிட்டார்கள். ஊர்க் கதை பேசி, காபி குடித்து, எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பினோம். ஆனால் திரும்பும் வழியில் ஒருவரிடம் "அலகு என்ன நிறம்?" என்று கேட்டால் பதில் இல்லை. முப்பது பேருக்கு ஒரே ஆள் பறவை காட்ட முடியாது. அதிகம் பேர் வந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து இரண்டு ஞாயிறு போங்கள்.

குழுவில் முன்னால் போக ஒருவர், கடைசியில் வர ஒருவர். பைனாகுலர் மூன்று பேருக்கு ஒன்றாவது வேண்டும். எழுத ஒருவர். இந்த எழுதும் வேலையை எப்போதும் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கறாராக எழுதுவார்கள், "நீங்க பார்த்தீங்களா, இல்ல சும்மா சொல்றீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் குறித்துக்கொள்வார்கள்.

தில்லியில் கூட்டாகப் பறவை பார்ப்பது புதிய பழக்கம் அல்ல. 1950லேயே ஹோரஸ் அலெக்சாண்டர் என்ற ஆங்கிலேயர், காந்தியின் நண்பர், வேறு சிலரோடு சேர்ந்து இங்கே ஒரு பறவை பார்ப்போர் சங்கம் தொடங்கினார். இந்திரா காந்தி அதன் தொடக்ககால உறுப்பினர்.

கையில் என்ன இருக்க வேண்டும்

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 போதும். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு இன்னும் நல்லது என்று கடையில் சொல்வார்கள். கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும், பார்க்கும் வட்டமும் சுருங்கும். பறந்துகொண்டே இருக்கும் கடற்காகத்துக்கு எட்டுதான் சரி. உடனே வாங்க வேண்டியதும் இல்லை. இரண்டு முறை இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு, பிடித்தால் வாங்குங்கள்.

முந்தின நாள் மாலை பால்கனியில் ஒரு பத்து நிமிஷம் பழகிக்கொள்ளுங்கள். தில்லியில் புறாவுக்கும் பருந்துக்கும் பஞ்சமே இல்லை. முதலில் இரண்டு குழாயையும் விரித்தோ மடக்கியோ ஒரே வட்டமாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். வலது கண் குழாயில் தனியாக ஒரு திருகு இருக்கும். வலதுபக்க முன்கண்ணாடியைக் கையால் மூடி, இடது கண்ணுக்குத் தெளிவாகும்வரை நடுத்திருகைத் திருப்புங்கள். பிறகு இடதுபக்கத்தை மூடி, அந்தத் தனித்திருகால் வலது கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். ஒருமுறை செய்துவிட்டால் அதைத் தொட வேண்டாம், இனி நடுத்திருகு மட்டும்தான். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட்டுப் பாருங்கள்.

பறவையைப் பிடிக்கும் முறை இன்னும் முக்கியம். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு வானத்தில் தேடாதீர்கள். வெறுங்கண்ணால் பறவையைப் பாருங்கள். பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பறவை தானாக உள்ளே வந்து நிற்கும்.

மற்றவை சுருக்கமாக. ஸ்வெட்டர் ஒன்றுக்கு மேல் ஒன்று, வெயில் ஏறினால் கழற்றலாம். காதை மூடும் தொப்பி: குளிருக்கும் ஆகும், தலைக்குமேல் ஆயிரம் பறவை பறக்கும்போது எச்சத்துக்கும் ஆகும். அடி வழுக்காத ஷூ, ஏனென்றால் படிகளில் பனியும் எச்சமும் சேர்ந்து சறுக்கும். கை கழுவ சானிடைசர். ஃபிளாஸ்கில் ஃபில்டர் காபி, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. குடிக்க எவர்சில்வர் தம்ளர் கொண்டுவாருங்கள், காகிதக் கோப்பை வேண்டாம். குப்பைக்கு ஒரு பை.

எப்படிப் போவது

காஷ்மீரி கேட் மெட்ரோ. மஞ்சள், சிவப்பு, ஊதா மூன்று தடமும் அங்கே சந்திப்பதால் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். ஞாயிறு என்றால் முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். பெரிய நிலையம், வாயில்கள் பல. எந்த வாயில் என்று எண்ணைச் சொல்லி முடிவு செய்யாமல் "மெட்ரோ வாசலில்" என்று சொல்லி வைத்தால் அரை மணி நேரம் போனிலேயே போகும்.

அங்கிருந்து நடக்கலாம். பெரியவர்கள் இருந்தால் ஆட்டோ அல்லது ஈ-ரிக்‌ஷா. "யமுனா பஜார், ஹனுமான் மந்திர்" என்றால் எல்லோருக்கும் தெரியும். ரிங் ரோட்டில் வண்டிகள் வேகமாக வரும், குழந்தைகளைக் கையில் பிடித்துக் கடக்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் சூரியன் எழ ஏழு மணி ஆகிவிடும். ஆறேகாலுக்கு மெட்ரோவில் கூடினால் வெளிச்சம் வரும்போது படித்துறையில் இருக்கலாம். ஒன்பதரைக்குத் திரும்பலாம்.

படித்துறைக்குள் போகும்முன்

ஒரு விஷயத்தை நின்று சொல்லிவிட்டுத்தான் நான் குழுவை உள்ளே அழைத்துப்போவேன். பக்கத்திலேயே நிகம்போத் காட். தில்லியின் பழைய, பெரிய சுடுகாடு. நீங்கள் பறவை பார்க்கும் அதே நேரத்தில், சில அடி தள்ளி, ஒரு குடும்பம் அஸ்தி கரைத்துக்கொண்டிருக்கலாம். நம் தில்லித் தமிழர்களில் பல குடும்பங்களும் தங்கள் அப்பாவையோ பாட்டியையோ இங்கேதான் வழியனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் பக்கம் காமிராவைத் திருப்பக் கூடாது. படத்தின் பின்னணியில் கூட வரக் கூடாது. சிரித்துப் பேசுவதைக் கொஞ்சம் தள்ளிப் போய் வைத்துக்கொள்வோம்.

படிக்கட்டுகளில் மக்கள் வாழ்கிறார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் வரை ஏறியது. தில்லியில் அதற்குமுன் பதிவான எந்த வெள்ளமும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. யமுனா பஜார் வீடுகள் மூழ்கின. தெற்கே தெரியும் பழைய இரும்புப் பாலம், 'லோஹே கா புல்', அங்கேதான் அந்த அளவை எடுக்கிறார்கள். குழந்தைகளுக்குப் பாலத்தைக் காட்டி இதைச் சொல்லுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். யமுனையின் நீளம் 1,376 கிலோமீட்டர். வஜீராபாத் தடுப்பணையிலிருந்து ஓக்லா வரையிலான 22 கிலோமீட்டர்தான் ஆற்றிலேயே மிக மோசமான பகுதி. வஜீராபாத்தைத் தாண்டியதும் நஜஃப்கர் கால்வாய் நகரத்தின் கழிவோடு வந்து சேர்கிறது. நீங்கள் நிற்பது அதற்குக் கீழே. நாற்றம் இருக்கும். தண்ணீரில் கை நனைக்க வேண்டாம், நனைத்துவிட்டால் சாப்பிடும்முன் நன்றாகக் கழுவுங்கள். இந்தத் தண்ணீரின் மேல் அத்தனை வெள்ளையாக அந்தப் பறவைகள் மிதப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கனக்கும்.

முதல் பத்து நிமிஷம்: சும்மா நில்லுங்கள்

போனதும் காமிராவை எடுக்காதீர்கள், பெயரும் கேட்காதீர்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். உட்கார்ந்திருக்கும் கடற்காகங்கள் பெரும்பாலும் காற்றுக்கு முகம் காட்டித்தான் உட்காரும், அதனால் அவையே காட்டிக்கொடுத்துவிடும். மேலே எழும்புவதும் காற்றை எதிர்த்துத்தான். ஆகவே காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால், பறவைகள் உங்களைப் பார்த்தபடி அந்தரத்தில் நிற்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது வெளிச்சம். படித்துறை ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. காலைச் சூரியன் எதிர்க்கரையில், உங்கள் கண்ணுக்கு நேரே எழும். பனியில் தங்க நிறம் பரவி, படம் எடுக்க மிக அழகாக இருக்கும். ஆனால் பறவை கறுப்பு நிழலாகத்தான் தெரியும், கண் நிறமோ கால் நிறமோ தெரியாது. அதனால் சூரியன் எழும்வரை சத்தத்தையும் பறக்கும் விதத்தையும் கவனியுங்கள். கொஞ்சம் மேலே வந்தபிறகு, மிக அருகில் படகு விளிம்பிலும் மூங்கில் கழியிலும் உட்கார்ந்திருப்பவற்றைப் பாருங்கள். தூரத்துப் பறவைகளைப் பார்க்கப் படகுதான் வழி, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆளுக்கு ஒரு பறவை

இப்போது மாமி செய்ததைச் செய்யுங்கள். குழுவில் ஒவ்வொருவரும் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்து நிமிஷம் வேறு எதையும் பார்க்கக் கூடாது. அலகு என்ன நிறம்? அலகின் நுனி? கால்? கண்? தலையில் ஏதாவது அடையாளம்? சிறகை விரிக்கும்போது நுனியில் என்ன தெரிகிறது? ஒவ்வொன்றாகப் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் கண் உண்மையாகப் பார்க்கிறது. கூட்டமாக வருவதன் பெரிய லாபமே இதுதான்.

பிறகு எல்லோரும் ஒப்பிட்டுப் பாருங்கள். அநேகமாக மூன்று விதமான பதில்கள் வரும்.

முதல் விதம்: ஏறக்குறைய நம் வீட்டுக் காகத்தின் அளவு. சிவந்த அலகு, நுனி கருமை. சிவந்த கால். வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் மை வைத்ததுபோல் ஒரு கரும்பொட்டு. கண் கறுப்பு, அதனால் முகம் சாதுவாகத் தெரியும். சிறகை விரித்தால் முன்விளிம்பில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை, நுனியில் கறுப்பு மெல்லிய கோடுபோல. இதுதான் கருந்தலைக் கடற்காகம். "கருந்தலை என்கிறீர்கள், தலை வெள்ளையாக இருக்கிறதே" என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கேட்பார். தலை கறுப்பது இனப்பெருக்கக் காலத்தில்தான். குளிர்காலத்தில் அந்தப் பொட்டு மட்டும் மிஞ்சும். இன்னொன்று: கோடையில் வரும் அந்தக் "கறுப்பு"ம் உண்மையில் அடர்ந்த காப்பி நிறம்தான்.

இரண்டாவது: அதைவிடக் கொஞ்சம் பெரிது, அலகும் தடிமன். அதே சிவந்த அலகு, சிவந்த கால், அதே பொட்டு. ஆனால் வளர்ந்த பறவையின் கண் வெளிறி மஞ்சளாக இருக்கும். மாமி சொன்ன திருதிரு முழி இதுதான். பறக்கும்போது சிறகு நுனி அகலமாகக் கறுத்திருக்கும், அந்தக் கறுப்புக்குள் சன்னல் வைத்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். இது பழுப்புத்தலைக் கடற்காகம். முழி, சன்னல் இரண்டையும் நினைவில் வைத்தால் போதும், புத்தகம் தேவையில்லை.

மூன்றாவது விதம் புதியவர்களைக் குழப்பும். அலகும் காலும் சிவப்புக்குப் பதில் ஆரஞ்சு. சிறகில் அங்கங்கே பழுப்பு. வால் நுனியில் ஒரு கறுப்புக் கரை, வேட்டிக் கரைபோல. இது தனி இனம் அல்ல. அந்த ஆண்டு பிறந்த குஞ்சு. முதல் குளிர்காலம், முதல் நீண்ட பயணம். இரண்டு இனத்துக் குஞ்சுகளும் இப்படி இருக்கும். இளம் வயதில் பழுப்புத்தலைக்குக் கண்ணும் கருமையாகவே இருப்பதால் முழியை வைத்துப் பிரிக்க முடியாது. முதல் முறை போகும்போது "இளம் பறவை" என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதிர்ஷ்டம் இருந்தால் நான்காவதாக ஒன்று வரும். மற்றவையெல்லாம் சுண்டைக்காயாகத் தெரியும்படி, பருந்துக்கு நிகரான உடம்பு. மஞ்சள் அலகு, நுனிப்பக்கம் கறுப்பும் சிவப்பும். குளிர்காலத்தில் கண்ணைச் சுற்றிக் கரிய மூடாக்கு. பெரிய கருந்தலைக் கடற்காகம் என்பார்கள், பல்லாஸ் கடற்காகம் என்றும் பெயர். முழு வளர்ச்சி அடைய நான்கு ஆண்டு எடுத்துக்கொள்ளும் பறவை.

படகுக்காரர்களிடம் கேட்டால் எல்லாவற்றையும் "சைபீரியாவிலிருந்து வந்தது" என்பார்கள். கருந்தலை வடக்கு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் குஞ்சு பொரிப்பது உண்மைதான். ஆனால் பழுப்புத்தலை மத்திய ஆசியாவின் உயரமான ஏரிகளில் கூடு கட்டுவது. திபெத் பீடபூமியில், நம் லடாக்கின் சோ மோரிரியில் கூட. பெயர் கடற்காகம், சிலர் கடற்புறா என்பார்கள். ஆனால் இந்த இரண்டும் பிறந்து வளர்வது பெரும்பாலும் உள்நாட்டு ஏரிகளிலும் சதுப்புகளிலும்தான். கடலைவிட்டு இவ்வளவு தூரத்தில் இவற்றுக்கு என்ன வேலை என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதுதான் பதில்.

சேவ் பொட்டலம்

படித்துறையில் பொட்டலம் விற்பார்கள். கடலைமாவு சேவ், நம்கீன். படகுக்காரர் "ஆவ் ஆவ்" என்று குரல் கொடுத்து ஒரு கை வீசினால் முந்நூறு பறவை படகைச் சூழ்ந்துவிடும். பார்க்கும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும்.

தயவுசெய்து வாங்காதீர்கள், வீசாதீர்கள். மீனும் புழுவும் பூச்சியும் தின்று வாழும் பறவை அது. எண்ணெயில் பொரித்து உப்பும் காரமும் போட்ட மாவு அதன் வயிற்றுக்கு ஆனது அல்ல. இங்கிருந்து இமயத்தைத் தாண்டிப் பறக்க வேண்டிய உடம்பு. காலியான பாலிதீன் உறை நேரே ஆற்றுக்குத்தான் போகிறது. அதோடு, வீசினால் நீங்கள் எதையும் பார்க்கப் போவதில்லை. சிறகும் அலகும் கத்தலும் கலந்த ஒரு கலவரம்தான் மிஞ்சும். வீசாமல் இருந்த படகுக்குப் பக்கத்தில் பறவை தன் போக்கில் தண்ணீரைக் குத்தி எதையோ எடுக்கும், பக்கத்துப் பறவையிடமிருந்து பிடுங்கும், இறகு கோதும், ஒற்றைக் காலில் தூங்கும். அதைப் பார்க்கத்தானே வந்தோம்?

ஆனால் மற்றவர்களைத் திட்டவும் வேண்டாம். விற்கும் பையனுக்கு அது அன்றாடப் பிழைப்பு. "நஹீ பையா, சிர்ஃப் தேக்னே ஆயே ஹை" (வேண்டாம் தம்பி, பார்க்க மட்டும்தான் வந்தோம்) என்று சிரித்துச் சொன்னால் போதும். ஒரு முறை பக்கத்துப் படகில் இருந்த ஒரு குடும்பம் எங்களைப் பார்த்து வீசுவதை நிறுத்தி, "அப்படி என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டது. எங்கள் குழுப் பிள்ளைகள் பைனாகுலரைக் கொடுத்து முழிக்கண்ணைக் காட்டினார்கள். மீதிப் பொட்டலம் திறக்கப்படவே இல்லை.

படகில் ஏறும்போது

பனி விலகாமல் படகில் ஏற வேண்டாம். விலை பேசும்போது முழுப் படகுக்கா, ஆளுக்கா என்று தெளிவாகக் கேளுங்கள்: "பூரி நாவ் கா யா ஏக் ஆத்மி கா?" எத்தனை நேரம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு முறை நான் கேட்காமல் விட்டு, இறங்கும்போது ஆளுக்கு அவ்வளவு என்று ஆகி, காலையின் நிம்மதியே போய்விட்டது. சேவ் வாங்கவில்லை என்பதற்காகக் கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள். உயிர்காப்புச் சட்டை கேட்டு வாங்கிப் போடுங்கள். இல்லையென்றால் குழந்தைகளை ஏற்ற வேண்டாம். ஒரு படகுக்கு நான்கைந்து பேர், யாரும் எழுந்து நிற்கக் கூடாது.

படகுக்காரரிடம் எதிர்க்கரைப் பக்கம் போகச் சொல்லுங்கள். அங்கே போய் மேற்கே திரும்பிப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகில். இதுவரை நிழலாக இருந்த பறவைகளின் நிறம் முழுவதும் இப்போது தெரியும். கண், கால், சிறகின் சன்னல் எல்லாம். "துடுப்பை நிறுத்திவிடுங்கள் பையா" என்று சொல்லி ஐந்து நிமிஷம் மிதந்தால் அதுவே போதும். கூட்டத்துக்குள் படகைச் செலுத்திப் பறவைகளைக் கிளப்பச் சொல்கிறவர்கள் உண்டு. அது வேண்டாம்.

போகிற போக்கில் மற்றவற்றையும் பாருங்கள்: சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகம், கரையோரம் வெண்மார்பு மீன்கொத்தி, நீளமான சிவந்த காலோடு பவளக்காலி, மேலே வட்டமிடும் கரும்பருந்து. ஆனால் முதல் முறை பட்டியலை நீட்டுவதற்காக ஓட வேண்டாம்.

எண்ணுவதும் எழுதுவதும்

ஆயிரம் பறவையை எப்படி எண்ணுவது? முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் நிறுத்துங்கள். அதுபோல் பத்துத் துண்டு சேர்ந்தால் நூறு. பிறகு நூறு நூறாகக் கூட்டத்தின் மேல் கண்ணை நகர்த்துங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டால் நல்லது. ஒருவர் அறுநூறு, ஒருவர் எழுநூறு என்றால் சரியாகத்தான் போகிறீர்கள்.

இரண்டு இனமும் என்ன விகிதம் என்பதற்கு, உட்கார்ந்திருக்கும் வளர்ந்த பறவைகளில் ஐம்பதை மட்டும் எடுத்து ஒவ்வொன்றாக முழியைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஈபேர்ட் (eBird) ஆப்பில் பதியுங்கள், பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதியும் இடம் அது. இலவசம். இடம், தொடங்கிய நேரம், எத்தனை நிமிஷம், எத்தனை பேர், என்ன பார்த்தோம், எத்தனை. குழுவில் ஒருவர் பதிந்து மற்றவர்களுக்குப் பகிர்ந்தால் போதும். இனம் உறுதியாகத் தெரியாதவற்றைக் கடற்காகம் என்று பொதுவாகப் பதியவும் வழி இருக்கிறது. தெரியாததைத் தெரிந்ததாகப் பதிவதைவிட அது எவ்வளவோ மேல். ஊரில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்ட சொந்தக்காரர்கள் யாராவது இருப்பார்கள், இதே முறைதான். ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடக்கும். இரண்டு மூன்று முறை யமுனைக்குப் போய்ப் பழகியவர்கள் அதில் சேர்ந்துகொள்ளலாம்.

பறவை எங்கெங்கே போகிறது என்று அறிய ஆய்வாளர்கள் காலில் வளையம் மாட்டிய பறவை தெரிந்தால் விடாதீர்கள். எழுத்தும் எண்ணும் படியும்படி படம் எடுத்து, பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்கு அனுப்புங்கள். எங்கே மாட்டியது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அது.

செத்த பறவையைத் தொட வேண்டாம். 2021 ஜனவரியில் மயூர் விஹாரில் காகங்களுக்கும் சஞ்சய் ஏரியில் வாத்துகளுக்கும் பறவைக் காய்ச்சல் உறுதியானது அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நூலில் சிக்கியோ அடிபட்டோ கிடக்கும் புறா, கிளி போன்றவற்றுக்குச் செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் வளாகத்தில் பறவைகள் மருத்துவமனை இருக்கிறது, அங்கிருந்து பக்கம்தான்.

அடுத்த முறை

இட்லியும் காபியும் படித்துறையை விட்டு வெளியே வந்தபிறகு, கை கழுவிவிட்டு. அப்போதே அடுத்த தேதியைப் பேசி முடித்துவிடுங்கள், வீட்டுக்குப் போனால் ஆறிவிடும். இரண்டாவது முறைக்கு ஓக்லா நல்லது. மெஜந்தா தடத்தில் ஓக்லா பறவைகள் சரணாலயம் என்ற பெயரிலேயே மெட்ரோ நிலையம் உண்டு. அங்கே தண்ணீர் அகலம், பறவைகள் தூரம், ஆனால் பெரிய கருந்தலை வரும் வாய்ப்பு கூடுதல், வாத்து இனங்களும் பார்க்கலாம். அதற்குப் பைனாகுலர் பழகிய கை வேண்டும், அதனால்தான் யமுனா காட்டை முதலில் வைத்தேன்.

மூன்றாவது முறை மறுபடி யமுனா காட்டுக்கே வாருங்கள், பிப்ரவரி கடைசியில். பொட்டு மட்டும் இருந்த தலைகளில் சிலவற்றில் காப்பி நிறம் திட்டுத்திட்டாக ஏறியிருக்கும், சிலது முழுத் தொப்பியே போட்டிருக்கும். ஜனவரியில் பார்த்த அதே படகு விளிம்பில் உட்கார்ந்து பாருங்கள். மார்ச் பாதிக்குள் அந்த விளிம்புகள் காலியாகிவிடும், அப்புறம் அக்டோபர் கடைசிதான்.